தட்டு சத்தத்துக்கு திரும்பினான், பேருக்கு திரும்பல: எங்க அலைச்சல்

எங்க பையன் தம்பிக்கு இப்ப 20 மாசம் ஆகுது. இத எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். போன வாரம் எங்க தெருவுல ஒரு பொண்ணு, தலப்பிரசவம், 7 மாசக் கொழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு "அக்கா இவன் ஃபேனயே பாக்குறான், ஆட்டிசமா இருக்குமோ"ன்னு அழுதா. நானும் ராத்திரி ரெண்டு மணிக்கு பால் குடுத்துக்கிட்டே ரீல்ஸ் பாத்து அழுதவதான். அதனால எனக்கு நடந்தத அப்டியே எழுதுறேன், யாருக்காவது ஒரு நாள் அலைச்சல் மிச்சமானாலும் சந்தோஷம்.

தம்பி 5 வாரம் முன்னாடியே பொறந்துட்டான். 8 நாள் ஐசியூல இருந்தான், மஞ்சக்காமாலைன்னு லைட்ல வச்சாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் எட ஏறுச்சு, சிரிச்சான், குப்புற விழுந்தான், எல்லாம் கொஞ்சம் லேட்டுதான். குறைமாசக் கொழந்தைக்கு பொறந்த தேதிய வச்சு கணக்கு பாக்கக் கூடாது, டாக்டர் குறிச்ச பிரசவ தேதிய வச்சுதான் பாக்கணும்னு எனக்கு அப்ப தெரியாது. பக்கத்து வீட்டுப் பாப்பாவோட ஒப்பிட்டு ஒப்பிட்டே பாதி உயிர் போச்சு.

9 மாசத்துலதான் எனக்கு வயித்துல புளியக் கரச்ச மாதிரி ஆச்சு. பேர் சொல்லி கூப்பிட்டா திரும்ப மாட்டான். முன்னாடி போய் நின்னா சிரிப்பான், கண்ணப் பாப்பான், தூக்கச் சொல்லி கையும் நீட்டுவான், ஆனா முதுகுப் பக்கம் இருந்து கூப்பிட்டா ஒண்ணுமே இல்ல. எங்க அத்தை "இவங்கப்பனே மூணு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல ஆத்தா, ஆம்பளப் புள்ள அப்டித்தான், நீ எதுக்கு மனசப் போட்டு ஒழப்பிக்கிற"ன்னு சொன்னாங்க. காது கேக்குதான்னு பாக்க இவரு பின்னாடி நின்னு எவர்சில்வர் தட்டுல கரண்டியால அடிச்சாரு, தம்பி படக்குன்னு திரும்பிட்டான். காது நல்லா கேக்குது, ஆனா பேருக்குத் திரும்பல, அப்ப ஆட்டிசம்தான்னு நானே முடிவு பண்ணிட்டேன். அந்த தட்டுதான் எங்கள ஏமாத்துச்சு, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மொதல்ல நாங்க வழக்கமா காட்டுற குழந்தை டாக்டர்கிட்ட போனோம். டோக்கன் 43. உள்ள இருந்தது ரெண்டு நிமிஷம். அவரு கன்னத்தத் தட்டினாரு, இவன் சிரிச்சான், "பாருங்க சிரிக்கிறான், ஒண்ணும் இல்ல, ஒன்றரை வயசுக்கு மேல பேசிக்கலாம்"னு அனுப்பிட்டாரு. 9 மாசத்துல ஆட்டிசம்னு யாரும் உறுதியா சொல்ல முடியாதுங்கறது உண்மைதான், அதுல அவர் மேல எனக்கு கோவம் இல்ல. ஆனா பேருக்கு திரும்பாத கொழந்தைக்கு மொதல்ல பண்ண வேண்டியது காது டெஸ்ட், அந்த ஒரு வார்த்தைய அவர் சொல்லல பாருங்க, அதுதான் இன்னும் ஆறல.

இதுக்கு நடுவுல 9 மாசத்துல போடுற தட்டம்மை தடுப்பூசி வேற. "அந்த ஊசி போட்டாதான் ஆட்டிசம் வரும், போடாத"ன்னு சொந்தக்காரங்க ஒருத்தங்க வாட்ஸப்ல அனுப்ப, நான் பயந்துபோய் ரெண்டு வாரம் தள்ளிப் போட்டேன். சுகாதார நர்ஸ் அக்கா வீடு தேடி வந்து உக்காந்து பேசினாங்க. 1998ல இங்கிலாந்துல ஒரு டாக்டர் வெறும் 12 கொழந்தைங்கள வச்சு எழுதின கட்டுரைல ஆரம்பிச்சது இந்த புரளி, 2010ல அத வெளியிட்ட பத்திரிகையே வாபஸ் வாங்கிருச்சு, அவரோட டாக்டர் லைசென்சும் போச்சு, டென்மார்க்ல ஆறரை லட்சம் கொழந்தைங்களப் பாத்ததுல ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு 2019ல வந்துருச்சுன்னாங்க. மறுநாளே போட்டுட்டோம். தயவு செஞ்சு இதுக்காக யாரும் ஊசிய நிறுத்தாதீங்க, தட்டம்மை வந்தா அது நெசமாவே ஆபத்து.

அங்கன்வாடி டீச்சர்தான் "பெரியாஸ்பத்திரில டிஇஐசின்னு ஒண்ணு இருக்கு, சின்னப் புள்ளைங்க வளர்ச்சிய பாக்குற எடம், ஃப்ரீதான்"னு சொல்லி அனுப்பினாங்க. இது எனக்கு அதுவரைக்கும் தெரியவே தெரியாது. ஆர்பிஎஸ்கேன்னு கொழந்தைங்களுக்காக 2013ல வந்த அரசு திட்டம், அதுல வர்றதுதான் இந்த டிஇஐசி, 18 வயசு வரைக்கும் பாக்குறாங்க.

போனேன். ஓபி சீட்டு போடுற எடத்துல "ஆட்டிசமா இருக்குமோன்னு பாக்கணும்"னு சொன்னேன், அங்கதான் தப்பு பண்ணேன். அந்தாளு நிமிந்து கூட பாக்காம "ஆட்டிசம் சான்றிதழா? அதெல்லாம் புதன்கிழமை மெடிக்கல் போர்டு, போங்கம்மா"ன்னுட்டாரு. நானும் நம்பி திரும்பி வந்து, புதன்கிழமை மறுபடி ரெண்டு பஸ் மாறி போனா, அங்க ஊனமுற்றோர் அட்டைக்கு நூறு பேர் வெயில்ல வரிசைல நிக்கிறாங்க, பதினொன்ற மணிக்கு என் மொற வந்ததும் "ஏம்மா, 9 மாசக் கொழந்தைக்கு என்னத்துக்கு சர்டிபிகேட்?"னு சத்தமா கேட்டாங்க. எல்லாரும் திரும்பி பாக்குறாங்க, தம்பி வெயில்ல அழுகுறான், எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. பின்னாடி நின்ன ஒரு அம்மாதான் கையப் புடிச்சு கூட்டிட்டுப் போய் டிஇஐசி ரூம காட்டினாங்க. மாடில, கடைசில, போர்டே மரத்துக்குப் பின்னாடி. அதனால சொல்றேன், சீட்டு போடுறவங்ககிட்ட நோயோட பேரச் சொல்லாதீங்க, "டிஇஐசி போகணும், ஆர்பிஎஸ்கே"ன்னு மட்டும் சொல்லுங்க.

உள்ள இருந்தவங்க தங்கமானவங்க. "டிஸ்சார்ஜ் சம்மரி குடுங்க"ன்னு கேட்டாங்க. பொறந்தப்ப ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு அனுப்புறப்ப குடுத்த அறிக்கை அது, நான் கொண்டு போகல. தடுப்பூசி அட்டை இருந்துச்சு, அது மட்டும் பத்தாதாம். இவருக்கு போன் போட்டு பீரோல இருந்து எடுத்து போட்டோ அனுப்பச் சொன்னேன். அந்த மேடம் போன வாங்கி பெருசு பண்ணி பாத்துட்டு "ஓஏஇ ரெஃபர்னு இருக்கே, மறுபடி காது டெஸ்ட் எப்ப எடுத்தீங்க?"ன்னாங்க.

எனக்கு ஒண்ணும் புரியல. கொழந்தைங்களுக்கு பொறந்த ஒடனே எடுக்குற காது டெஸ்ட்டுதான் ஓஏஇ. அதுல பாஸ் இல்லன்னா ஃபெயில்னு வராது, "ரெஃபர்"னு வரும். மறுபடி டெஸ்ட் பண்ணணும்னு அர்த்தம். சம்மரியோட மூணாவது பக்கத்துல, மருந்து லிஸ்ட்டுக்குக் கீழ, பொடி எழுத்துல "ஓஏஇ இரண்டு காதும் ரெஃபர், 1 மாதத்தில் திரும்ப" அப்டின்னு இருந்திருக்கு. டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில்லு எவ்ளோ, மருந்து எத்தன வேளைன்னு சொன்னவங்க இத சொல்லவே இல்ல. நாங்களும் படிக்கல. 1 மாசத்துக்குள்ள டெஸ்ட், 3 மாசத்துக்குள்ள என்னன்னு கண்டுபிடிக்கணும், 6 மாசத்துக்குள்ள வைத்தியம் ஆரம்பிக்கணும்னு கணக்காம், நாங்க 9 மாசத்த தாண்டி நிக்கிறோம். அன்னிக்கு பஸ்ல வர்றப்ப ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்துக்கிட்டேன்.

அடுத்து பெரா டெஸ்ட், சத்தம் காது வழியா மூளைக்குப் போகுதான்னு பாக்குறது, மதுரைல ஒரு தனியார் எடத்துல. கொழந்தை நல்லா தூங்கினாதான் எடுக்க முடியும், காலைல சீக்கிரம் எழுப்பி தூங்க விடாம கூட்டிட்டு வாங்கன்னாங்க. 4 மணிக்கே எழுப்பினோம். ஆனா பஸ்ஸு ஆரப்பாளையம் வர்றதுக்குள்ள தோள்ல சாஞ்சு முக்கா மணி நேரம் தூங்கிட்டான். அங்க போனா முழிச்சு உக்காந்து ஸ்விட்ச்ச பாத்துக்கிட்டு இருக்கான். தூக்க சிரப் குடுங்கன்னா, குழந்தை டாக்டர் லெட்டர் இல்லாம குடுக்க மாட்டோம்னாங்க. கேட்டப்ப போன்ல யாரும் லெட்டர் பத்தி சொல்லல. சாயங்காலம் வரைக்கும் நானும் இவரும் மாறி மாறி ஆட்டினோம், தூங்கவே இல்ல, திரும்பி வந்தோம். ஒரு நாள் சம்பளம், பஸ் காசு, எல்லாம் போச்சு.

ரெண்டாவது தடவ லெட்டர் வாங்கிட்டு, தெரிஞ்சவங்க கார்ல போனோம். வழி பூரா பின் சீட்டுல நான் பாட்டு பாடுறேன், ஈரத் துணியால மூஞ்சியத் தொடைக்கிறேன், அத்தை உள்ளங்கால்ல கிச்சு கிச்சு மூட்டுறாங்க, தூங்க விடவே இல்ல. அங்க போய் பால் குடுத்ததும் அஞ்சே நிமிஷத்துல கவுந்துட்டான், சிரப்பே தேவப்படல. நெத்தில, ரெண்டு காதுக்குப் பின்னாடி ஒயர் ஒட்டி, காதுக்குள்ள சின்ன பஞ்சு மாதிரி ஒண்ணு வச்சு, அரை மணி நேரம். அவன் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டே இருந்தேன், மூச்சு ஏறி எறங்குறது மட்டும்தான் தெரிஞ்சது. அப்புறம் காது ஜவ்வுக்கு இன்னொரு டெஸ்ட், ஒரு நிமிஷம்தான்.

ரெண்டு காதுலயும் ஜவ்வுக்குப் பின்னாடி நீர் கோத்திருக்கு. மெதுவான சத்தம் கேக்காது, பெரிய சத்தம் கேக்கும். தட்டுக்கு திரும்பினதும் பேருக்கு திரும்பாததும் அதனாலதான். உங்க வீட்ல பாக்குறதா இருந்தா தட்டு, கிலுகிலுப்பை எல்லாம் வேணாம், பின்னாடி நின்னு சாதாரணக் குரல்ல ஒரு தடவ பேர் சொல்லுங்க, நெழல் கூட விழக் கூடாது, அத போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கங்க. டாக்டர் முன்னாடி கொழந்தை எப்பவும் வேற மாதிரிதான் இருக்கும், எங்க 30 செகண்ட் வீடியோதான் டிஇஐசில வேலைக்காச்சு.

காது டாக்டர் மூணு மாசம் பொறுங்க, நெறைய பேருக்கு தானா வத்திரும், வத்தலன்னா சின்ன ஆபரேஷன், படுக்க வச்சு பாட்டில்ல பால் குடுக்காதீங்கன்னாரு. 13 மாசத்துல வலது காது சரியாச்சு, 15 மாசத்துல இடது.

காது சரியான ஒடனே எல்லாம் சரியாயிரலங்க. காது பிரச்சன இருக்கறதால ஆட்டிசம் இல்லன்னு ஆகாது, ரெண்டும் சேந்தும் இருக்கலாம்னு டிஇஐசி மேடம் தெளிவா சொல்லிட்டாங்க. ஆனா பிரச்சன என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே பயிற்சி ஆரம்பிச்சிரலாம்னாங்க, 10 மாசத்துலயே ஆரம்பிச்சோம், அதுக்கு எந்த சர்டிபிகேட்டும் கேக்கல. மூஞ்சிக்கு நேரா உக்காந்து பேசுறது, அவன் போடுற சத்தத்த திருப்பி போட்டு காத்திருக்கறது, டாட்டா காட்டுறது, டிவிய அணைக்கிறது, இவ்ளோதான். ஒரு வருஷம் ஆகியும் மழல சத்தம் இல்ல, டாட்டா காட்டல, வெரல் நீட்டல, 16 மாசத்துல ஒரு வார்த்தை கூட இல்லன்னா காட்டணும்னாங்க. முக்கியமா, பேசிட்டு இருந்த வார்த்தையோ சிரிப்போ காணாமப் போனா எந்த வயசா இருந்தாலும் ஒடனே ஓடணும். ஃபேன் பாக்குறது மட்டும் வச்சு பயப்படாதீங்க, 5, 6 மாசத்துல நெறைய கொழந்தைங்க பாக்கும்.

14 மாசத்துல ஒரு நாள் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன், கதவுக்கு அந்தப் பக்கம் இவரு மெதுவா பேர் சொன்னாரு, தம்பி திரும்பினான். அத்தை அடுப்படில இருந்து ஓடி வந்து "திரும்பக் கூப்பிடுப்பா, திரும்பக் கூப்பிடு"ன்னாங்க. ரெண்டாவது தடவயும் திரும்பினான்.

18 மாசத்துல ஆட்டிசம் அறிகுறி இருக்கான்னு பாக்க எம்-சாட்னு 20 கேள்வி கேட்டாங்க, மார்க் கூட கூட சந்தேகம் கூடும். 16ல இருந்து 30 மாசம் வரைக்கும்தான் அதக் கேக்கணுமாம், அதுக்கு முன்னாடி நெட்ல போட்டுப் பாத்து மார்க் எடுத்து அழுகாதீங்க, நான் 10 மாசத்துலயே பண்ணி ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம கெடந்தேன். எங்களுக்கு 4 வந்துச்சு. 3ல இருந்து 7 வந்தா அந்தக் கேள்விங்கள மட்டும் விளக்கமா திருப்பிக் கேப்பாங்க. கேட்டதுல 1 ஆச்சு. இப்போதைக்கு பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா 24 மாசத்துல மறுபடி பாத்தே ஆகணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இப்ப அம்மா, கா, தா மூணு வார்த்தை. கா-னா காக்கா, வெரல் நீட்டி காட்டிட்டு நான் பாக்குறேனான்னு என் மூஞ்சியப் பாக்குறான்.

சென்னைப் பக்கம் இருக்கறவங்களுக்கு முட்டுக்காட்டுல நிப்மெட்னு மாற்றுத்திறனாளிங்களுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கு, அங்கயும் சின்னக் கொழந்தைங்களப் பாக்குறாங்க.

தெருவுல அழுத பொண்ணுகிட்ட மொதல்ல டிஸ்சார்ஜ் சம்மரியத்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன். மூணு பக்கமும் ரெண்டு பேரும் உக்காந்து படிச்சோம். ரெண்டு காதும் பாஸ்னு இருந்துச்சு. இருந்தாலும் வர்ற செவ்வாய்க்கிழமை டிஇஐசிக்கு நானே கூட்டிட்டுப் போறேன், அந்த மாடி ரூம் அவளுக்குத் தெரியாது.