சாவியைத் தொடாதீங்க

“அண்ணே, சாவியைத் தொடாதீங்க!”

திண்டிவனம் பக்கம் ஒரு பங்க். டீசல் கார்ல பெட்ரோல் இறங்கிடுச்சு. கத்தினது காத்து அடிக்கிற பெரியவர். ஓடி வந்து, ஜன்னல் வழியா கையை விட்டு சாவியை உருவி சட்டைப்பையில போட்டுக்கிட்டார். கார் ஓனர் சண்டைக்குப் போனார். பெரியவர் கண்டுக்கவே இல்ல, வண்டியை ஓரமா தள்ள ஆள் கூப்பிட்டார்.

அவர் செஞ்சதுதான் சரி. டீசல் வண்டியோட ஹை பிரஷர் பம்புக்கு டீசலேதான் எண்ணெய்ப் பசை. பெட்ரோல் போனா உள்ளே இரும்பும் இரும்பும் உரசும். உதிர்ற துகள், இன்ஜினுக்குள்ள டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் வரைக்கும் போயிடும். ஸ்டார்ட் பண்ணலைன்னா பெரும்பாலும் டேங்கை வடிச்சுக் கழுவுற செலவோட போயிடும். நிறைய வண்டிகள்ல சாவியை ஆன் பண்ணாலே டேங்க்ல இருக்கிற பம்ப் ஓட ஆரம்பிச்சிடும்.

போட்ட பையனுக்கு இருபது வயசு கூட இருக்காது. எல்லாரும் அவனைத்தான் திட்டினாங்க. ஓனர் கேட்டது என்னவோ “ரெண்டாயிரத்துக்குப் போடு” மட்டும்தான். அவர் கண்ணு போன்ல.

அந்தக் காலத்து டீசல் அம்பாசடர் தெருமுனைல திரும்பும்போதே தடதடன்னு சொல்லிடும். இப்போ ஒரே மாடல், ரெண்டு இன்ஜின், சத்தத்துல பெருசா வித்தியாசமில்ல. டேங்க் மூடியில ‘டீசல்’னு ஸ்டிக்கர் இருந்துச்சு. வெயில்ல வெளுத்து, பாதி உரிஞ்சு.