இளஞ்சிவப்புக் காரை

அப்பா கொத்தனார். சின்ன வயதில் எனக்கு அவர் கொடுத்த வேலை செங்கல் பொடி சலிப்பது. ரொம்ப வெந்து கருகிய கல்லை இடிக்க விடமாட்டார். கொஞ்சம் குறைவாக வெந்த கல்தான் சுண்ணாம்போடு சேரும் என்பார். ஊறிய சுண்ணாம்பில் அந்தப் பொடியைப் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்தால் காரை இளஞ்சிவப்பாக வரும்.

அதே நிறத்தைப் போன வருடம் இஸ்தான்புல்லில் பார்த்தேன். ஸெய்ரெக் பகுதியில் இருக்கும் சினிலி ஹமாம், ஒட்டோமான் கடற்படைத் தளபதி பார்பரோசாவுக்காக 1530களில் கட்டடக் கலைஞர் மிமார் சினான் கட்டிய பொதுக் குளியல்கூடம். 2010இல் கைமாறி, பழுதுபார்த்து, 2023இல்தான் திறந்தார்கள். தோண்டத் தோண்டக் கீழே ஒட்டோமான்களுக்கு முந்தைய பைசாந்தியக் காலத்து நீர்த்தொட்டி, இஸ்னிக் என்ற ஊரில் செய்த வண்ணச் சுவர் ஓடுகளின் உடைசல்கள். சினிலி என்றாலே ஓடு பதித்தது என்றுதான் அர்த்தம். அவசரப்படாமல் 13 வருடம் பொறுத்தார்களே, அதற்கே கும்பிடலாம்.

நான் அதிக நேரம் நின்றது அந்தத் தொட்டிக்குள். சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்ந்த இந்தக் காரையைத் துருக்கியர் ஹொராசான் என்கிறார்கள், நாம் சுர்க்கிக் காரை என்கிறோம். காற்றே படாத ஈரத்திலும் இது இறுகும். செங்கல் பொடி சுண்ணாம்போடு வினைபுரிவதால் வரும் பலம் அது.

ஹமாமுக்கு இதைவிடப் பொருத்தமான காரை கிடையாது. தரைக்கு அடியில் குட்டைத் தூண்களுக்கு நடுவே அனலும் புகையும் ஓடும்; அந்த வெற்றிடத்துக்கு நரகம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து புகை சுவருக்குள் பதித்த குழாய்கள் வழியாக மேலே போகும். சுவருக்கு ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் ஈரம். சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும்.

எங்கள் ஊர்ப் பழைய மண்டபத்துக்கு அதுதான் நடந்தது. சுண்ணாம்பு வேலை லேட்டாகும் என்று சிமெண்ட் அடித்தார்கள். மூன்று மழைக்காலத்தில் பொரிந்து விழுந்தது, பழைய செங்கலையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு. அப்பா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

தொட்டிக்குள் இருந்தே அவரை வீடியோ காலில் கூப்பிட்டேன். ஹமாம், சினான் எல்லாம் சொல்ல ஆரம்பித்தால் எதையும் காதில் வாங்கவில்லை.

"போனைச் சுவர் கிட்டக் கொண்டு போம்மா," என்றார். "இன்னும் கிட்ட. பொடியோடு சின்னச் சின்னத் துண்டும் கிடக்குது பாரு. சலிக்காமலா போட்டிருப்பான்? வேணும்னுதான் போட்டிருக்கான்."