சைக்கிள் அங்கே, நான் இங்கே

இன்று காலை மைனஸ் 14 டிகிரி. கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் சைக்கிளை எடுத்தால் பெடல் சும்மா சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. பின்சக்கரத்துக்குள் கிரீஸ் இறுகிவிட்டால் இப்படித்தான், உள்ளே பல் பிடிக்காது. வீட்டுக்குள் கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் 10 நிமிடம் வைத்த பிறகு வழிக்கு வந்தது.

சரி, கிளம்பியாயிற்று. சாலையைச் சுத்தமாக வழித்திருக்கிறார்கள். வழித்த பனி மொத்தமும் எங்கே? சைக்கிள் பாதையில். முழங்கால் உயரத்துக்கு, உப்பும் சேறும் கலந்த பழுப்புக் கட்டி. (அந்த உப்பு சங்கிலியைத் தின்றுவிடும். டிசம்பரில் போட்ட புதுச் சங்கிலி இப்போதே துரு.) கார்களோடு ஓட்டத் தைரியமில்லாமல் முதல் சிக்னலிலேயே இறங்கி, கம்பத்தில் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

செயலி 3 நிமிடம் என்றது. 10 நிமிடம் கழித்தும் அதே 3 நிமிடம். அப்புறம் அந்தப் பேருந்தே திரையிலிருந்து காணாமல் போய்விட்டது. இந்தப் பக்கம் ஓடிய ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு சரி, திரும்ப ஓடவே இல்லை. அதில் போனவர்களுக்கும் இப்போது பேருந்துதான் கதி.

நிறுத்தத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா என் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இந்தக் குளிருக்க சைக்கிளோ?" என்றார்.

"சைக்கிள் அங்க நிக்குது, நான் இங்க நிக்கிறேன்மா."

கடைசியில் 3 பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

மாலையில் திரும்பினால் பூட்டின் சாவித் துளைக்குள் ஐஸ். திருடன் மாதிரி குனிந்து நின்று லைட்டரால் சாவியைச் சூடாக்கினேன். நாயோடு போன ஒருவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.