ஒரு சோடி ஸ்கேட், மூன்று பேர்

நம் பாடசாலை மலர்க்குழுத் தம்பி ஒருநாள் இரவு பத்து மணிக்குப் போன் எடுத்து, "அண்ணா, உங்கட பட்ச்சில இருந்து ஒரு கட்டுரை வேணும், ஆனா பிக் மட்ச் பற்றி மட்டும் எழுதிடாதேங்கோ, ஏற்கெனவே நாலு பேர் தந்திட்டினம்" என்றார். எனக்கு அது வசதியாய்ப் போயிற்று. கிரிக்கெட் பந்தைப் பிடித்ததைவிட அதைக் கண்டு விலகி ஓடியதுதான் எனக்கு அதிகம். நான் எழுதப்போவது நம் பாஸ்கட்போல் கோர்ட்டைப் பற்றி. அங்கே நான் பாஸ்கட்போலும் விளையாடவில்லை.

2025 செப்டெம்பரில் எங்கள் பட்ச் வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. சீனாவின் பெய்தாய்ஹேயில் உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் (பனியில் அல்ல, சில்லில் ஓடுவது) சாம்பியன்ஷிப், 1000 மீற்றர் இறுதிப் போட்டி, நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 1 நிமிடம் 24.924 செக்கனில் முதலாவதாக வருகிறார். இந்த விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது, அதோடு நிற்காமல் அதே போட்டித் தொடரில் 42 கிலோமீற்றர் மரதனையும் வென்றுவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மணிக்கு 42 கிலோமீற்றருக்கு மேல் வருகிறது, அதுவும் நின்ற இடத்திலிருந்து கிளம்பி. பின்னேரம் ஐந்து மணிக்குக் காலி வீதியில் எந்த 100ஆம் இலக்க பஸ் இந்த வேகத்தில் போயிருக்கிறது?

குழுவில் எல்லாரும் கைதட்டும் படம் போட்டார்கள். கட்டாரிலிருந்து ஒருவன் மட்டும் கேள்வி கேட்டான்: "காலில எத்தினை சில்லு மச்சான்?"

அவன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டான், ஆகவே கொட்டாஞ்சேனைக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பட்ச்சில் யாருக்கும் ஆளைத் தெரியாமல் இராது. அந்தக் கேள்வியை அவன் ஏன் கேட்டான் என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

1997இல், சாதாரண தரச் சோதனைக்கு (ஓ.எல்.) முந்தின வருடம், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த வகுப்புத் தோழன் ஒருவனுக்கு ரொறன்ரோ மாமா ஒரு பார்சல் அனுப்பினார். சொக்லேட், இரண்டு ஜம்பர் (கொழும்பில்!), அவற்றுக்கு அடியில் ஒரு சோடி இன்லைன் ஸ்கேட், ஒவ்வொன்றிலும் நாலு சில்லு ஒரே வரிசையில். கராஜ் சேலில் வாங்கியிருக்க வேண்டும். சைஸ் 10. அவன் கால் 7. மாமா கடைசியாக அவனைப் பார்த்தது கைக்குழந்தையாக, ஆகவே உத்தேசமாக வாங்கியிருக்கிறார். மூன்று சோடி சொக்ஸ் போட்டால் கால் ஒருமாதிரி நிற்கும். எங்களுக்கு அதுவரை தெரிந்த சில்லு விளையாட்டு பெயாரிங் வண்டிதான், பலகைக்குக் கீழே பழைய பெயாரிங்கைச் செருகி இறக்கத்தில் விடுவோமே, அது. பெயாரிங்கைக் காலிலேயே கட்டலாம் என்பது பெரிய முன்னேற்றமாகத் தெரிந்தது.

ஒரு சோடி, மூன்று பேர். யார் முதலில் என்று அடிபட்டு, கடைசியில் ஒரு தீர்ப்புக்கு வந்தோம்: ஒருவனுக்கு வலது, ஒருவனுக்கு இடது, மூன்றாமவன் நேரம் பார்ப்பான். ஒரு காலில் ஸ்கேட், மற்றக் காலில் பாட்டா சிலிப்பர், அதால் நிலத்தை உதைத்து உதைத்துக் கோர்ட்டைச் சுற்றினோம். பார்ப்பவனுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும், ஆனால் ஒற்றைக் காலில் நீளத்துக்கு வழுக்கிப் போகப் பழகுவதுதான் இந்த விளையாட்டில் முதல் பாடம் என்று பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். மாமா இன்னொரு சோடி அனுப்பியிருந்தால் கொட்டாஞ்சேனைக்காரன் அவ்வளவு கெட்டிக்காரனாக வந்திருக்க மாட்டான். எங்கள் இரண்டு பேருக்கும் கால் நடுங்கும், அவன் கொக்கு மாதிரி நிற்பான்.

காவலாளி எங்களைப் பிடித்து பி.ரி. மாஸ்டரிடம் கொண்டுபோனார். சேரின் பிரம்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு அவர் ஸ்கேட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு சில்லைச் சுண்டிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் "விடிய ஆறே காலுக்கு வாங்கோ, ஏழு மணிக்குக் கோர்ட்டில ஒருத்தரும் நிற்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். இன்லைன் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவர் ஓட்டப் பயிற்சி சொல்லித் தந்தவர், அதிலிருந்து ஊகித்து, "கதிரையில இருக்கிற மாதிரி இரு, ஆனா கதிரை இல்லை" என்பார். இன்றைக்கு உலகப் போட்டிகளைப் பார்த்தால் எல்லாரும் அப்படித்தான் குந்திக்கொண்டு போகிறார்கள்.

கோர்ட் 28 மீற்றருக்கு 15, ஒரு சுற்று 86 மீற்றர். உலகப் போட்டி நடக்கும் ட்ராக் 200 மீற்றர், வளைவுகள் வெளிப்பக்கம் உயர்ந்து கிண்ணம் மாதிரி இருக்கும். நமக்கோ நாலு மூலை, அதில் ஒன்று கன்ரீனுக்குப் பக்கத்தில் ஜம்பு மரத்துக்குக் கீழே. பழம் விழுகிற காலத்தில் அந்த மூலையில் விழாதவன் கிடையாது, என் இடது முழங்கையில் இன்னும் அடையாளம் இருக்கிறது. எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுவோம், வலது காலை இடது காலுக்கு மேலால் எடுத்துப் போட்டு. கடலுக்கு அவ்வளவு கிட்டே இருந்ததால் உப்புக் காற்றில் பெயாரிங் ஒரு கிழமையில் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, அம்மாவின் தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுவேன். அம்மா அந்த எண்ணெய்ப் போத்தல் எப்படி இவ்வளவு கெதியாக முடிகிறது என்று கடைக்காரரைத்தான் சந்தேகப்பட்டார்.

ஒருநாள் ஓட்டத்தின் நடுவில் வலது ஸ்கேட்டின் இரண்டாவது சில்லு, ஆணி இளகி, கழன்று பறந்தது. பறந்தது என்றால் உண்மையாகவே பறந்து மதிலோரக் கானுக்குள் விழுந்து, கான் தண்ணீரோடு ரயில் பாதைப் பக்கம் போய்விட்டது. மூன்று நாள் தேடினோம். தனிச்சில்லு விற்கிற கடை எங்களுக்குத் தெரிந்து கொழும்பில் இல்லை. சூட்கேஸ் சில்லை வெட்டிப் போட்டுப் பார்த்தோம், அது அரைச் சுற்றில் இரண்டாய்ப் பிளந்தது. கடைசியில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டோம். ஸ்கேட்டின் சொந்தக்காரன் இனி இது குப்பை என்றான். கொட்டாஞ்சேனைக்காரன் மட்டும், "பாரம் குறைஞ்சிட்டுது மச்சான், மூண்டு சில்லுத்தான் வேகம்" என்று சாதித்தான். நாங்கள் சிரித்தோம். அவன் அதோடுதான் ஓடினான்.

1998இல் மீதிப் பெயாரிங்குகளும் போகத் தொடங்க, அவனும் நானும் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். உதிரிப்பாகக் கடை முதலாளி எங்கள் பெயாரிங்கைக் கையில் எடுத்து ஒருதரம் உருட்டிவிட்டு, "608, கிரைண்டருக்குப் போடுறது" என்று ஒரு லாச்சியைத் திறந்தார். உள்ளே 8 மில்லிமீற்றர், வெளியே 22, அகலம் 7. உலகச் சாம்பியன்களும் பல காலம் ஓடியது இதே அளவுப் பெயாரிங்கில்தான், ஆனால் எங்களுக்குக் கிரைண்டர் பெயாரிங்கைக் காலில் போடுகிறோம் என்பதே பெருமையாக இருந்தது. திரும்பும் வழியில் மருதானைப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். எப்படிப்பட்ட வருடம் அது என்று தெரியும்தானே, அதே மருதானையில் மார்ச்சில் பஸ் குண்டு வெடித்திருந்தது. பைக்குள் பத்திரிகைத் தாளில் சுற்றிய இரும்பு வளையங்கள் பதினாறு, இரண்டு தமிழ்ப் பெயர். "மேக்க மொகத?" என்றான் சிப்பாய். எங்கள் சிங்களத்தில் எவ்வளவு விளக்கினாலும் விளங்குகிற பொருளா அது? கடைசியில் பைக்குள் இருந்த ஸ்கேட்டைப் போட்டு ஓடிக்காட்டு என்றார்கள். ஓடினான். நடைபாதையில், வெயிலில், வரிசையில் நின்ற சனம் முழுக்கப் பார்க்க, மூன்று சில்லோடு பத்து மீற்றர் போய்த் திரும்பி வந்தான். ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான், இன்னொருவன் "போ மல்லி" என்றான், ஆனாலும் ஒரு மணி நேரம் வைத்திருந்துதான் விட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அவன் அம்மா, அதற்குப் பிறகு அவனைப் பஞ்சிகாவத்தைப் பக்கம் விடவேயில்லை.

அந்த வருடம் ஓ.எல். சோதனைக்கு முன்னால் மாஸ்டர் ஒருநாள் விடிய ஸ்டொப் வாட்ச் கொண்டுவந்தார். பத்துச் சுற்று, 860 மீற்றர், கொட்டாஞ்சேனைக்காரன் 2 நிமிடம் 31 செக்கன். மணிக்கு 20 கிலோமீற்றர்தான், ஆனந்த்குமாரின் வேகத்தில் பாதிகூட இல்லை என்பது எனக்கும் தெரியும். சைஸ் 10 ஸ்கேட், ஒரு சில்லு இல்லை, நாலு மூலை, ஜம்புப் பழம். கடைசிச் சுற்றில் அவன் கோட்டுக்கு முன்னமே நிமிர்ந்துவிட்டான் என்று சேர் ஏசினார், "தாண்டின பிறகு நிமிரலாம்." 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் 3000 மீற்றர் ஸ்கேட்டிங் அஞ்சலோட்டம் பார்த்தவர்களுக்கு அந்த ஏச்சின் அருமை தெரியும். தென்கொரிய வீரர் வென்றுவிட்டோம் என்று கையை உயர்த்த, பக்கத்தில் வந்த தாய்வான்காரர் காலை நீட்டி 0.01 செக்கனில் தங்கத்தைக் கொண்டுபோய்விட்டார். அதே ஓட்டத்தில் வெண்கலம் எடுத்த இந்திய அணியில் ஆனந்த்குமாரும் இருந்தார்.

அஞ்சல் முடிந்தபோது எனக்கு ஏற்பட்ட ஆவலில் மற்றவர்கள் இந்த விளையாட்டுக்குள் எப்படி வந்தார்கள் என்று தேடித் தேடி வாசித்தேன். ஒருவரும் நேர்வழியில் வந்த மாதிரித் தெரியவில்லை. சாட் ஹெட்ரிக் என்று ஒரு ரெக்ஸாஸ்காரர், பெற்றோர் ஸ்கேட்டிங் மண்டபம் நடத்தினார்கள், பிள்ளை அதற்குள்ளேயே வளர்ந்தது. ஒரே காலால் இரண்டு முறை தள்ளும் உத்தியை ஊர் உலகத்துக்கு ஓடிக்காட்டியவர் அவர்தான்: காலை வைத்தவுடன் வெளியே தள்ளாமல், முதலில் உள்பக்கமாக வளைத்துவிட்டுப் பிறகு வெளியே. சில்லில் அள்ளிய பட்டம் போதாது, இன்லைன் ஒலிம்பிக்கில் இல்லை என்று, பனிக்கட்டிக்கு மாறி 2006இல் டூரினில் 5000 மீற்றர் தங்கம். புளோரிடாவில் ஒக்காலா என்று பனி விழுவதே அபூர்வமான, குதிரை வளர்க்கிற ஊர். அங்கே ஒரே பயிற்சியாளரிடம் சில்லில் பழகிய மூன்று பேர், எரின் ஜாக்சன், பிரிட்டனி போ, ஜோயி மன்ரியா, மூவரும் பனி ஒலிம்பிக் பதக்கக்காரர். 2022 தெரிவுப் போட்டியில் எரின் தடுக்கி இடத்தை இழக்க, பிரிட்டனி தன்னுடைய இடத்தை விட்டுக்கொடுத்தார், எரின் பெய்ஜிங் போய் 500 மீற்றர் தங்கம் எடுத்தார்.

திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கதையிலும் ஒரு மழமழப்பான நிலமும், அதற்குத் திறப்பு வைத்திருக்கிற ஒரு பெரிய ஆளும் இருக்கிறார்கள். எங்களுக்கு அது இரண்டும் ஒன்றரை வருடம், விடிய முக்கால் மணி நேரம் இருந்தது. ஓ.எல். முடிய மாஸ்டர் ஓய்வுபெற்றார். கொட்டாஞ்சேனைக்காரனின் அப்பாவுக்குச் சுகமில்லாமல் போக அவன் ஏ.எல். படிக்காமல் கடைக்குப் போனான், பிறகு கட்டார். ஸ்கேட்டின் சொந்தக்காரன் இப்போது மெல்பேணில் பல் டொக்டர், வலது ஸ்கேட்டை இன்னும் வைத்திருக்கிறானாம், இடது எங்கே என்று தெரியாதாம்.

நான் லண்டன் வந்து முப்பது வயதுக்குப் பிறகு மறுபடி தொடங்கினேன். 2019இல் பெர்லின் இன்லைன் மரதனும் ஓடினேன், ஓட்டக்காரர்களின் மரதனுக்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம் நடப்பது. முன்னால் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் பிராண்டன்பேர்க் வாசலைத் தாண்டிவிடுவார்கள், எனக்கு 2 மணி 20 நிமிடம். தொடக்கக் கோட்டில் ஒரு ஜேர்மன்காரர் எந்த ஊர் என்று கேட்டார். கொழும்பு என்றேன், ஆங்கிலத்தில். அவர் காதில் கொலம்பியா என்று விழுந்துவிட்டது. இந்த விளையாட்டில் கொலம்பியா என்றால், கிரிக்கெட்டில் அவுஸ்திரேலியா மாதிரி. மனிதர் மரியாதையோடு விலகி எனக்கு முன்னால் இடம் விட்டார். 200 மீற்றர் போவதற்குள் அவருக்கு உண்மை விளங்கியிருக்கும்.

போன மார்கழியில் கொழும்புக்குப் போனபோது, ஒரு ஞாயிறு விடிய சுதந்திர சதுக்கத்துப் பக்கம் நடந்தேன். ஏழெட்டுப் பிள்ளைகள் ஹெல்மெட்டும் முழங்கால் உறையும் போட்டு, வரிசையாக வைத்த கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து போனார்கள். தண்ணீர்ப் போத்தலும் பையுமாய்ப் படியில் இருந்த அம்மாமாரில் ஒருவர் தமிழில் கத்தினார், "குனி, குனி, நிமிராதே!" ஒரு பெண் பிள்ளை, பத்து வயது இருக்கும், ரேஸ் ஸ்கேட்டே போட்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்து எண்ணினேன். வட்ஸ்அப்பில் மூன்று மாதமாகப் பதில் சொல்லாமல் விட்டிருந்த கேள்வி ஞாபகம் வந்தது, அங்கேயே நின்று கட்டாருக்குப் போன் போட்டேன்.

எங்கள் காலத்தில் ரேஸ் ஸ்கேட்டுக்கு 80 மில்லிமீற்றரில் ஐந்து சில்லு இருந்ததாம், பிறகு 100, 110 என்று பெரிதாக்கி நாலாக்கினார்கள், இப்போது 125இல் மூன்று சில்லும் வந்துவிட்டது என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"மூண்டா?"

"மூண்டு."

"அந்த விசரன் பல் டொக்டருக்கு எடுத்துச் சொல்லு" என்றான்.

1998இல் கோர்ட்டில் மாஸ்டர் ஸ்டொப் வாட்ச்சோடு நிற்கும் படம் ஒன்றை யாரோ எடுத்தார்கள். அதை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மலர்க்குழுவிடம் கொடுங்கள், ஸ்கான் செய்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.