நாலு கட்டையில் ஒரு எஃப்

மட்டக்களப்பில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாண்ட் பழக்குவதுதான் என் வேலை. ட்ரம்பெட்டுக்குப் பிள்ளைகள் அடிபடுவார்கள். யூபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழலுக்கு ஆள் பிடிப்பது பெரும் பாடு. போன வருடம் கல்லடிப் பையன் ஒருவன் தானாகவே வந்து கேட்டான். மேலே வடிவாக வாசிப்பான். கீழே எஃப் என்ற சுரத்துக்கு இறங்கினால் மட்டும் சத்தம் கரகரத்துச் சிதறிவிடும்.

"உதட்டைத் தளர விடு மனே" என்றேன். பல வருடமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவந்தது அதுதான். அவனும் அப்படியே செய்தான், இன்னும் மோசமானது. ஒரு நாள் பக்கத்தில் இருந்து அவன் வாயை மட்டும் பார்த்தேன். எஃப் வரும்போது இரண்டு கடைவாயும் அவிழ்ந்து, கன்னம் உப்பி, காற்று ஓரத்தால் ஒழுகியது. நான் சொல்லிக்கொடுத்ததே பிழை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. தளர வேண்டியது நடுவில் அதிரும் உதடு மட்டும். கடைவாய் இறுகியே இருக்க வேண்டும். கீழ்த்தாடை இறங்கி, பல்லுக்கிடையில் இடம் வர வேண்டும். காற்று நிறைய வேண்டும், ஆனால் மெதுவாக. மூக்குக்கண்ணாடி துடைக்க 'ஹா' என்று விடுவோமே, அந்தச் சூட்டுக் காற்று. தேத்தண்ணியை ஊதி ஆற்றும் காற்று இதற்குச் சரிவராது.

கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு. யூபோனியத்தின் குழாய் சுமார் 9 அடி. எங்களுடையதில், அழுத்தினால் குழாய் நீளத்தைக் கூட்டும் வால்வு 3தான். ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது கூடுகிற குழாய் நீளம் கொஞ்சம் போதாது, அதனால் எஃப் சுருதி ஏறி நிற்கும். மூன்றையும் அழுத்தி எடுக்கும் ஈ என்ற சுரம் இன்னும் ஏறும். பிள்ளைகள் அதை உதட்டால் கீழே இழுக்கப் பார்ப்பார்கள். தொனி கெடுவது அங்கேதான். மூன்றாம் வால்வின் ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டும் குழாயை, சற்று வெளியே இழுத்து வைத்தேன், உதட்டுக்கு அந்தப் பாரம் குறைந்தது. நாலாம் வால்வு உள்ள கருவி என்றால் ஒன்று-மூன்றுக்குப் பதிலாக அதை அழுத்தலாம்.

அப்புறம் சங்கீத டீச்சரிடம் சுருதிப் பெட்டியை இரவல் வாங்கி, நாலு கட்டையில் வைத்தேன். நாலு கட்டை என்றால் எஃப். எட்டு எண்ணும் வரை ஒரே அளவாகப் பிடிக்கச் சொன்னேன். முதல் வாரம் பெட்டியும் அவனும் உரசி 'வோ வோ' என்று அலை அடித்தது. அது நாளுக்கு நாள் மெதுவாகி, மூன்றாம் வாரம் ஒரு பின்னேரம் நின்றே விட்டது. அவன் பெரிதாக ஊதவும் இல்லை, ஆனால் அறை நிறைந்திருந்தது.

பக்கத்தில் இருந்த சின்னவன் மேசையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னான்: "சேர், மேசை அதிருது."

நானும் கையை வைத்துப் பார்த்தேன். "இன்னொருக்கா ஊது மனே" என்றேன்.