பிஷப் ஹீபரின் கடைசிக் குளியல்: நாவலாக எழுதுகிறவர்களுக்கு

திருச்சியில் ஹீபர் என்றால் கல்லூரிதான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் அதே ஊரில் குளிக்கப் போன இடத்தில் செத்துப்போனார் என்று சொன்னால், "அப்படியா?" என்றுதான் கேட்பார்கள்.

1826 ஏப்ரல் 3, திங்கட்கிழமை. கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபருக்கு அப்போது வயது 42. விடியற்காலை ஆராதனையில் தமிழிலேயே ஆசீர்வாதம் சொல்லிவிட்டு, தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பிக் குளிக்க இறங்கினார். வெகுநேரமாகியும் சத்தமில்லையே என்று வேலைக்காரர் கதவைத் திறந்தபோது உடல் தண்ணீருக்குள் கிடந்தது. மறுநாளே செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில், பீடத்துக்கு வடபுறம் அடக்கம் செய்துவிட்டார்கள்.

காவிரிப் படுகையை வைத்துச் சரித்திரத் துப்பறியும் நாவல் எழுத விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல கரு கிடைப்பது கஷ்டம். ஆனால் கொலைகாரன் யார் என்று முதலில் முடிவு செய்துவிட்டு எழுத உட்கார்ந்தால் நாவல் கெட்டுவிடும். இது கொலை என்பதற்கு ஆதாரம் கிடையாது. இங்கே இருப்பது ஒரு மூடின கதவும், அதற்குப் பின்னால் யாரும் பார்க்காத கொஞ்ச நேரமும்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை அணு அணுவாக விசாரிப்பதுதான் நாவல்.

முதல் விசாரணை தண்ணீரிடம். வெயிலில் சூடேறிய உடம்பு குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்கியதால் வந்த அதிர்ச்சி என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இதை அப்படியே நம்பி எழுதக்கூடாது. குளிர்நீர் அதிர்ச்சி என்பது உண்மைதான்: மூச்சு திடீரென்று உள்ளிழுக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஆனால் அது பலமாக வருவது தண்ணீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால். பங்குனி மாதத்துத் திருச்சியில் கிணற்று நீரே 28 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பனிக்கட்டி போட்டார்கள் என்றும் எழுத முடியாது; அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் வந்து இறங்கியதே 1833-இல்தான். அப்படியானால் மிச்சம் இருப்பவை: ஏற்கெனவே பழுதான இதயம், வெயிலில் ஓயாமல் உழைத்த களைப்பில் வந்த மயக்கம், மயங்கியதால் மூழ்கியது. மூன்றில் எதை எடுத்தாலும் நாவல் நிற்கும்.

தொட்டி ஆற்று நீரால் நிரம்பியது என்று எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேட்டூர் அணை 1934-இல் வந்தது. முக்கொம்பு மேலணையே 1836-இல்தான். அதற்கு முன்னால் காவிரியின் தலைப்பு மணல் மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்துக்குச் சாய்ந்துகொண்டிருந்த காலம் அது. பங்குனியில் ஆறு என்றால் மணல்தான். ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். பங்குனியில் கரைபுரளும் காவிரியில் பிணம் மிதந்து வருவதாக ஒரு அத்தியாயம் வைத்தால், படிக்கிற தஞ்சாவூர் விவசாயி புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார்.

அடுத்தது மருத்துவச் சொல். அன்றைய அறிக்கைகள் சொல்வது 'அப்போப்ளெக்ஸி'. இன்றைக்கு இதைப் பக்கவாதம் என்றோ மூளை ரத்தக்கசிவு என்றோ மொழிபெயர்த்துவிட்டு நகர்வது தவறு. அந்தக் காலத்தில் திடீரென்று நினைவிழந்து விழுகிற எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் பொருந்தியது. நாவலின் மருத்துவர் அதைச் சொல்லும்போது, காரணம் கண்டுபிடித்ததாக அவர் நினைக்கலாம். வாசகருக்கு அது வெறும் பெயர் என்று புரிய வேண்டும். அவர் பார்க்கத் தவறியதாக ஒன்றை வைக்கலாம்: வாயிலும் மூக்கிலும் மெல்லிய வெண்நுரை. துடைத்தாலும் திரும்பத் திரும்ப வருகிற அந்த நுரை இருந்தால், தண்ணீருக்குள் போகும்போது மூச்சு இருந்தது என்று பெரும்பாலும் சொல்லலாம். பிழைக்க வைக்கும் அவசரத்தில் உடம்பைத் தேய்த்து, ரத்தம் எடுக்கிறவர்கள் முகத்தைத் துடைக்காமலா இருப்பார்கள்? தடயம் அழிய வில்லன் தேவையில்லை, ஒரு துண்டு போதும்.

விஷம் என்று சந்தேகத்தைக் கிளப்புவது சுலபம், நிரூபிப்பது கடினம். பாஷாணத்தை, அதாவது ஆர்சனிக்கை, துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும் மார்ஷ் சோதனை 1836-இல் வந்தது. 1826-இல் கரியில் இட்டு வெள்ளைப்பூண்டு வாடை வருகிறதா என்று முகர்வது போன்ற முறைகள்தான். அரளியோ எட்டியோ என்றால் அதுவும் கிடையாது. மறுநாளே அடக்கம் செய்ததையும் சதியாக்க வேண்டாம். அந்த வெயிலில் விறைப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்துவிடும், உடல் ஒரு நாளைக்கு மேல் தாங்காது.

பலபேர் சறுக்குகிற இடம் சட்டம். 1826-இல் இன்ஸ்பெக்டர் இல்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை, கொலைக்கான 302-ஆம் பிரிவு இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் இயற்றி 1862-இல் நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் 1859. ஹீபர் காலத்தில் 1816-ஆம் ஆண்டு ரெகுலேஷன்களின்படி கலெக்டர்தான் மாஜிஸ்ட்ரேட், அவருக்குக் கீழே தாசில்தார், கிராமத்தில் மணியக்காரரும் தலையாரியும். ஐரோப்பியர் ஒருவர்மேல் பெரிய குற்றம் சாட்டினால் வழக்கு சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான் போகும். துப்பறிகிறவராக தாசில்தார் கச்சேரியில், அதாவது அலுவலகத்தில், வேலை பார்க்கும் குமாஸ்தா ஒருவரை வைத்தால், அவரால் வெள்ளைக்காரர் யாரையும் நேருக்கு நேர் கேள்வி கேட்க முடியாது. நாவலின் இறுக்கமே அங்கிருந்துதான் பிறக்கும்.

நாள் கணக்கு. அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 26. ஹீபர் அன்று தஞ்சாவூரில் இருந்தார். ஈஸ்டர் பௌர்ணமியை ஒட்டி வரும் பண்டிகை. ஆகவே ஏப்ரல் 1-ஆம் தேதி அவர் திருச்சி வந்து சேர்ந்தபோது பௌர்ணமி கழிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தஞ்சாவூரிலிருந்து இரவுப் பல்லக்குப் பயணம் எழுதினால், முன்னிரவு முழுக்க இருட்டு. நடுநிசிக்குப் பிறகு அரை நிலா. தீவட்டி அவசியம். அதைப் பற்றவைக்கத் தீக்குச்சி கிடையாது, சக்கிமுக்கிக் கல்தான். விளக்கில் மண்ணெண்ணெய் கூடாது. இலுப்பெண்ணெய் அல்லது ஆமணக்கெண்ணெய். தமிழ்க் கணக்கில் அது பார்த்திப வருஷம், பங்குனி. கணக்குப்பிள்ளையின் ஏட்டில் அந்தத் தேதிதான் இருக்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அங்கே இரண்டாம் சரபோஜி இருக்கிறார். ஐரோப்பிய வேதியியலையும் இயற்கை அறிவியலையும் படித்த ராஜா, ஹீபரையே வியக்க வைத்தவர். அரண்மனையின் மோடி எழுத்து (மராத்தியை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறை) ஆவணங்கள் தமிழ் மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. யாருக்கு என்ன செலவு, எந்த மருந்துக்கு என்ன சரக்கு என்கிற மாதிரி விவரங்களுக்கு அவற்றைப் புரட்டாமல் எழுதக்கூடாது. தஞ்சைச் சபையில் அப்போது சாதித் தகராறும் இருந்தது: ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது, திருவிருந்தில் யாருக்கு முதலில். ஹீபர் அதை விசாரிக்கத் தொடங்கியிருந்தார். சந்தேகத்தைத் திருப்பிவிட இது நல்ல இடம். ஆனால் தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் போன்ற நிஜ மனிதர் தலையில் கொலைப்பழியைக் கட்டுவது அநியாயம். சந்தேகப்படுகிற ஆள் வேண்டுமென்றால் கற்பனையில் ஒருவரை உண்டாக்குங்கள்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அந்த வேலைக்காரர். கதவுக்கு வெளியே நின்றவர் அவர், முதலில் பார்த்தவரும் அவர். ஆனால் அவர் சொன்னது நமக்கு வருவதெல்லாம், உடன் பயணம் செய்த தாமஸ் ராபின்சன் என்ற குருவானவரைப் போன்ற வெள்ளைக்காரர்களின் பேனா வழியாகத்தான். நாவல் அவருக்கு வாய் கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் அவருடைய காலக்கணக்கைப் பிடிக்க வேண்டும். அரை மணி நேரம் என்று அவர் சொல்லமாட்டார். ஒரு நாழிகை 24 நிமிடம். அரை மணி என்றால் ஒன்றேகால் நாழிகை. அதையும் அவர் நிழலைப் பார்த்துத்தான் சொல்வார்: "தூண் நிழல் இந்தக் கல்லுல இருந்துச்சு, நான் கதவத் தொறந்தப்ப அந்தக் கல்லுக்கு வந்துருச்சு." துபாஷி அதை மொழிபெயர்க்கும்போது கல்லும் நிழலும் போய் 'சுமார் அரை மணி' என்று தாளில் விழும்.

இதை எழுதும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பங்குனி மாதம், காலை ஒன்பது மணிக்கு, ஒரு பழைய வீட்டு முற்றத்தில் தூண் நிழலின் நுனியில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போடுங்கள். அரை மணி கழித்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே எத்தனை விரற்கடை என்று அளந்து குறித்துக்கொண்டால், தாசில்தார் கச்சேரி விசாரணை அத்தியாயத்துக்கு அந்த அளவு போதும்.