வெறுங்கால் வாட்டர் ஸ்கீயிங் டோர்னமென்ட்: ரூல்ஸ் படிச்சு, பேர் குடுத்து, தண்ணில இறங்கின அனுபவம்

வெறுங்கால் வாட்டர் ஸ்கீயிங்னா, போட் இழுக்கற கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, காலுக்கடில ஸ்கீ பலகை இல்லாம வெறும் பாதத்துலயே தண்ணி மேல வழுக்கிட்டுப் போறது. அந்தப் போட்டின்னா எல்லாரும் சிக்ஸ் பேக்கோட வந்து நிப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டுதான் போனேன். எனக்கு முன்னாடி லைன்ல நின்னவருக்கு எப்படியும் எழுபது வயசு இருக்கும், பின்னாடி நின்ன பொண்ணுக்கு முன்பல்லு இப்பதான் முளைச்சுக்கிட்டு இருந்துச்சு. வயசு வாரியா டிவிஷன் பிரிச்சுதான் நடத்துறாங்க, அதனால என்னை மாதிரி நாப்பது தாண்டி, ஐடி வேலைல உக்காந்தே தொப்பை போட்ட ஆளும் தைரியமா பேர் குடுக்கலாம். இதை முதல்லயே சொல்றதுக்குக் காரணம், இந்த ஊர்ல நிறைய நம்ம ஆளுங்க ஏரிக்கரைலயே வீடு வாங்கிட்டு தண்ணியை ஜன்னல் வழியா மட்டும் பாத்துட்டு இருக்காங்க.

நான் இருக்கறது அமெரிக்கால நடு ஃப்ளோரிடா. இந்த விளையாட்டே பொறந்த ஏரியா இதுதான். 1947ல விண்டர் ஹேவன் ஊர்ல ஏ.ஜி. ஹான்காக்னு ஒரு சின்னப் பையன்தான் முதல்ல ஸ்கீ இல்லாம வெறுங்கால்ல தண்ணி மேல போயிருக்கான், அதே வருஷம் மார்ச்ல டிக் போப் ஜூனியர் பண்ணினது ஃபோட்டோவோட வெளில தெரிஞ்சு பேர் அவருக்குப் போயிடுச்சு. அவங்க அப்பாதான் சைப்ரஸ் கார்டன்ஸ்னு ஒரு பார்க் நடத்தினவர், இப்ப அந்த இடத்துல லெகோலேண்ட் இருக்கு, குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது. அதே ஊர்ல பனானா ஜார்ஜ்னு ஒரு தாத்தா இருந்தார், நாப்பத்தாறு வயசுலதான் வெறுங்கால்ல நிக்கவே கத்துக்கிட்டாராம், அப்புறம் அண்டார்டிகா உள்பட ஏழு கண்டத்துலயும் போயிட்டு வந்துட்டார், தொண்ணூறு தாண்டியும் விடல. அவர் கதையைக் கேட்டுட்டு எனக்கு வயசாச்சுன்னு சொல்ல வாய் வரல.

சரி விஷயத்துக்கு வரேன். கத்துக்கிட்டு ஓரளவு விழாம நிக்க ஆரம்பிச்சதும் கோச் ரூல் புக்கைக் குடுத்து, "படிச்சிட்டு வா, அப்புறம் உனக்கு என்ன சொல்லித் தரணும்னு பேசலாம்"னார். எனக்கு எரிச்சலா இருந்துச்சு, தண்ணில நிக்கவே தெரியல இதுல சட்டம் வேற படிக்கணுமான்னு. படிச்சப்புறம்தான் புரிஞ்சுது, இந்த ஆட்டத்தோட மொத்த சூட்சுமமும் அந்த புக்லதான் இருக்கு. எல்லாம் 15 செகண்ட் கணக்கு.

மூணு ஈவென்ட். முதல்ல ஸ்லாலம். போட் போகும்போது பின்னாடி ரெண்டு பக்கமும் வரப்பு மாதிரி எழும்புதே அந்த அலை, அதுதான் வேக், 15 செகண்ட்ல அதை எத்தனை தடவை குறுக்கால தாண்டுறோம்ங்கறதுதான் கணக்கு. அப்படி ரெண்டு பாஸ், அதாவது ரெண்டு ஓட்டம் குடுப்பாங்க. ரெண்டு கால்ல தாண்டறதைவிட ஒத்தக்கால்ல தாண்டினா மார்க் ஜாஸ்தி. பின்பக்கமா திரும்பி, அதாவது போட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டும் தாண்டலாம், பெரிய ஆளுங்க ஒரு பாஸ் முன்பக்கம் ஒரு பாஸ் பின்பக்கம்னு அடிப்பாங்க. ரெண்டாவது ட்ரிக்ஸ், இதுவும் 15 செகண்ட் வீதம் ரெண்டு பாஸ், ஒவ்வொரு ட்ரிக்குக்கும் ஒரு பாயிண்ட் இருக்கு, கஷ்டத்துக்கு ஏத்த விலை. மூணாவது ஜம்ப், அதுக்கு அப்புறம் வரேன்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, 15 செகண்டுங்கறது நாம மூச்சு இழுத்து விட்டு ஒரு தும்மல் போட்டா முடிஞ்சு போற நேரம். அதுல ஒரு பெரிய ட்ரிக் ட்ரை பண்ணி விழுந்துட்டா அந்த பாஸ் அத்தோட காலி. அதுக்கு பதில் சின்னச் சின்ன ட்ரிக்கா, நூத்துக்கு நூறு விழமாட்டோம்னு தெரிஞ்சதை வரிசையா அடுக்கினா ஸ்கோர் கூடிக்கிட்டே போகும். நான் அதுவரைக்கும் யூட்யூப்ல வீடியோ பாத்துட்டு முன்னாடி இருந்து பின்னாடி திரும்புற 180தான் கத்துக்கணும்னு மாசக்கணக்கா முட்டிக்கிட்டு இருந்தேன், கோச் ஒரே வார்த்தைல அதை விடுன்னார். உனக்கு டம்பிள் டர்ன் வருதுல்ல, அதைப் பண்ணுன்னார்.

டம்பிள் டர்ன்னா, நின்னுட்டு இருக்கும்போதே பின்பக்கம் தண்ணில உக்காந்து, மல்லாக்கப் படுத்து, முதுகுலயே ஒரு சுத்து சுத்தி, மறுபடி கால் போட்டு எழுந்திருக்கறது. பாக்கறதுக்கு யாரோ விழுந்து உருள்ற மாதிரிதான் இருக்கும், என் மனைவி முதல் தடவை பாத்துட்டு கரைலேர்ந்து கத்தவே கத்திட்டா. ஆனா அதுக்கும் பாயிண்ட் உண்டு. ஒரே ட்ரிக்கை திருப்பித் திருப்பிப் பண்ணினா ரெண்டாவது தடவைக்கு ஒண்ணும் கிடையாது, ஆனா அதையே உடனே எதிர்ப்பக்கமா சுத்தினா அது ரிவர்ஸ், தனியா பாயிண்ட். ஆக வலப்பக்கம் மட்டும் சுத்தத் தெரிஞ்சவன் இடப்பக்கமும் பழகிட்டா அவன் கைல ரெண்டு ட்ரிக். இந்த ஒரு ரூலை வெச்சே கோச் எனக்கு அந்த சீசன் முழுக்க டைம்டேபிள் போட்டுட்டார். எழுந்து நிக்காம சுத்து மட்டும் முடிச்சா செல்லாது, டைம் முடிஞ்சப்புறம் முடிச்சாலும் செல்லாது, அதனால சுத்துறதை விட சுத்திட்டு சட்டுனு எழுந்திருக்கறதுக்குத்தான் ப்ராக்டீஸ் ஜாஸ்தி.

அப்புறம் ஸ்பீடு. இது பேர் குடுக்கும்போதே முடிவு பண்ணி வெச்சுக்க வேண்டிய விஷயம், ஏன்னா ஸ்லாலத்துக்கும் ட்ரிக்ஸுக்கும் எந்த ஸ்பீடு வேணும்னு நாமதான் டிரைவர்கிட்ட சொல்லணும். ஸ்கீ இருந்தா பலகை தாங்கும், இங்க தாங்கறது உள்ளங்கால் மட்டும்தான், அதனால வேகம் இல்லைன்னா கால் முங்கிடும். வழக்கமா சொல்ற கணக்கு, உங்க வெயிட்டை பவுண்டுல போட்டு பத்தால வகுத்து அதோட 20 கூட்டுங்க, வர்றது மைல் கணக்குல ஸ்பீடு. நான் 80 கிலோ, அதாவது 176 பவுண்டு, அப்ப 37.6 மைல், கிலோமீட்டர்ல 60க்கு கொஞ்சம் மேல. 60ல கார் ஓட்டினா தூக்கம் வரும், அதே 60ல தண்ணில மூஞ்சி போய் அடிச்சா தண்ணின்னே நம்ப மாட்டீங்க. ஸ்பீடு கம்மியானா கால்ல இழுவை ஜாஸ்தியாகி தொடை நடுங்கும், ஜாஸ்தியானா பாதம் எரியும், விழுந்தா அடியும் பலம். ஃபார்முலா ஒரு ஆரம்பம்தான், அப்புறம் ஏரி எப்படி இருக்கு, அலை இருக்கா, நம்ம பாதம் பெருசா சின்னதாங்கறதைப் பொறுத்து கூட்டிக் குறைச்சு பழகிக்கணும். எனக்கு நம்மூர் செருப்பில்லாப் பாதம், அகலம், அந்த விஷயத்துல நான் அதிர்ஷ்டசாலின்னு கோச் சொல்லுவார்.

பேப்பர் வேலை பெருசா ஒண்ணும் இல்ல. ஃபெடரேஷன் மெம்பர்ஷிப் எடுக்கணும், செத்தா நான் பொறுப்பில்லங்கற மாதிரி ஒரு ஃபார்ம்ல கையெழுத்து, எந்தெந்த ஈவென்ட்னு டிக் அடிக்கணும், பணம் கட்டணும். ட்ரிக்ஸ்ல இறங்கறவங்க என்னென்ன ட்ரிக் எந்த வரிசைல பண்ணப்போறோம்னு லிஸ்ட் எழுதிக் குடுக்கணும். என் லிஸ்டைப் பாத்தா கல்யாண வீட்டு மெனு நடுவுல தயிர் சாதம் மட்டும் இருந்த மாதிரி இருந்துச்சு, பரவால்லன்னு குடுத்துட்டேன்.

போட்டி அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே போகணும், ஏன்னா காத்து எழும்பறதுக்குள்ள முடிஞ்ச அளவு ஓட்டிடப் பாப்பாங்க. கண்ணாடி மாதிரி தண்ணி வேணும் இதுக்கு, சின்ன சிற்றலை இருந்தாலும் உள்ளங்கால்ல தடதடன்னு தெரியும். முதல்ல ஸ்கீயர்ஸ் மீட்டிங், அதுல போட் எங்க திரும்பும், எங்க ஆழம் கம்மி, விழுந்தா போட் எந்தப் பக்கமா வந்து எடுக்கும், எல்லாம் சொல்லிடறாங்க. இந்த மீட்டிங்கைக் காபி குடிச்சுக்கிட்டே கோட்டை விடறவங்க உண்டு, விடாதீங்க. (முதலை இருக்கான்னு நான் கேட்டேன். ஃப்ளோரிடா ஏரின்னா இருக்கத்தான் செய்யும், போட் சத்தத்துக்கு வராதுன்னு ஒருத்தர் ரொம்ப சாதாரணமா சொன்னார். எனக்கு அது ஆறுதலாவே இல்ல.)

டிரஸ் பத்தி ஒரு வார்த்தை. இதுக்குன்னு தனி சூட் இருக்கு, உள்ள பேட் வெச்சது, மிதக்க வெக்கும், தனியா லைஃப் ஜாக்கெட் வேண்டாம். அடில நியோப்ரீன் ஷார்ட்ஸ் கண்டிப்பா போட்டுக்கங்க. அந்த வேகத்துல உக்காரும்போது தண்ணி எங்கெல்லாம் புகும்னு நான் விலாவாரியா சொல்ல விரும்பல, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

நம்ம பேர் கூப்பிட்டதும் தண்ணில இறங்கி மல்லாக்கப் படுத்து, கயிறு ரெண்டு காலுக்கு நடுவுல போகற மாதிரி வெச்சுக்கிட்டு, குதிகாலைக் கயித்து மேல போட்டுக்கிட்டு ரெடின்னு கத்தணும். போட் இழுக்கும்போது தலை மேல தண்ணி கொட்டும், ஒண்ணும் தெரியாது, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முதுகு தண்ணி மேல வழுக்க ஆரம்பிக்கற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் உக்காந்து, காலை மெதுவா, குதிகால் முதல்ல படற மாதிரி தண்ணில வெச்சு, பாதத்துக்கு மேல வெயிட்டைக் கொண்டு வந்து நிக்கணும். அவசரப்பட்டு நின்னா விரல் தண்ணில மாட்டி நேரா மூஞ்சில போய் விழுவோம், இந்த விளையாட்டுல இருக்கற எல்லாரும் பயப்படறது அப்படி விழறதுக்குத்தான்.

ஜட்ஜுங்க போட்லயே உக்காந்து நம்மையே பாத்துட்டு வராங்க, முதல்ல அதுவே கூச்சமா இருந்துச்சு. ஸ்லாலம்ல நான் ரெண்டு கால்லதான் தாண்டினேன். ஒத்தக்கால் எனக்கு கரைக்குப் பக்கத்துல பூம் பிடிச்சுக்கிட்டு வரும், பூம்ங்கறது போட் பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கற அலுமினியக் கம்பி, கத்துக்கறவங்களுக்கு அதைப் பிடிச்சா பாதி பயம் போயிடும், ஆனா அது ப்ராக்டீஸுக்குத்தான், போட்டில நீளக் கயிறு. நீளக் கயித்துல வேக்கை ஏறித் தாண்டும்போது ஒரு செகண்ட் கால் காத்துல தொங்கும், மறுபடி படும்போது முட்டி மடங்கி இருக்கணும். முழுசா அந்தப் பக்கம் போனாத்தான் கணக்கு, வேக் மேலயே ஏறி நின்னுட்டுத் திரும்பி வந்தா சைபர். நான் விரல் விட்டு எண்ணுற அளவு தாண்டினேன், விழல, அது போதும். கீத் செயின்ட் ஆஞ்ச்னு ஒரு அமெரிக்கக்காரர் 2006ல தென் ஆப்பிரிக்கால ரெண்டு பாஸும் சேர்த்து 20.6 எடுத்திருக்கார், நடின் டி வில்லியர்ஸ்னு தென் ஆப்பிரிக்காக்காரம்மா 2001லயே 17 எடுத்தவங்க. 15 செகண்ட் எவ்ளோ நேரம்னு அனுபவிச்சப்புறம் இந்த நம்பரைப் பாத்தா நம்ம கண்ணே நம்ப மாட்டேங்குது.

ட்ரிக்ஸ்ல வலது சுத்து, உடனே இடது சுத்து, ரெண்டும் வந்துச்சு. ரெண்டாவது பாஸ்ல கோச் பேச்சைக் கேக்காம லிஸ்ட்ல சேர்த்திருந்த 180 இருந்துச்சு, அதுல எப்படி விழுந்தேன்னு எனக்கே தெரியல, வானம் தெரிஞ்சுது, தண்ணி தெரிஞ்சுது, மூக்கு வழியா ஒரு டம்ளர் ஏரி உள்ள போச்சு. ஆனா முதல் பாஸ் ஸ்கோர் அப்படியே நிக்கும்ல, அதான் ரெண்டு பாஸ் குடுக்கறதோட அருமை. டிவிஷன்ல கடைசி வரல.

ஜம்ப்புக்கு நான் பேர் குடுக்கல, கரைல உக்காந்து பாத்தேன். ராம்ப், அதாவது ஏறித் தாவுற சரிவு மேடை, 45 சென்டிமீட்டர் உயரம்தான், நம்ம முழங்கால் அளவு. ஆம்பளைங்களுக்கு போட் ஸ்பீடு 72 கிலோமீட்டர் வரைக்கும் போகலாம், மூணு சான்ஸ், அதுல நல்லது எதுவோ அதை எடுத்துப்பாங்க. எவ்வளவு தூரம் பறந்தாலும் கீழ வந்து விழாம ஸ்கீ பண்ணிட்டுப் போனாத்தான் செல்லும். இப்ப பெரிய ஆளுங்க எல்லாம் காத்துல தலை முன்னாடி, கால் பின்னாடி மேல போற மாதிரி படுத்துக்கிட்டுதான் பறக்கறாங்க, அப்புறம் தண்ணிக்குக் கிட்ட வரும்போது காலைக் கீழ இழுத்து உக்காந்த மாதிரி இறங்கறாங்க. இங்கிலாந்துக்காரர் டேவிட் ஸ்மால் 2010ல ஜெர்மனி பிராண்டன்பர்க்ல 29.9 மீட்டர் தாண்டினார். வெறுங்கால்ல.

அடுத்த சீசனுக்கு ஃபார்ம் வந்துடுச்சு. ஸ்லாலம் டிக், ட்ரிக்ஸ் டிக், 180யை லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டேன், ஒத்தக்கால்ல ஒரு பக்கமாவது தாண்டிப் பழகணும்னு கோச் சொல்லியிருக்கார். ஜம்ப் கட்டத்துல இன்னும் பேனா வெக்கல, மனைவி அந்த ஃபார்மை ஃப்ரிட்ஜ் மேல எடுத்து வெச்சிருக்கா.